பூக்கோசுச் செடியில் பூவைக் காணோமே!

மாணவர்களே, சந்தையில் காலிஃபிளவர் என்று கேட்டு வாங்கும் பூக்கோசை வீட்டில் நட்டுப் பார்த்திருக்கிறீர்களா? செடி நன்றாக வளரும். அகன்ற இலைகளை விரிக்கும். ஆனால், மூன்று மாதமாகியும் நடுவில் பூ தோன்றாது. உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரம் இடுவோம். அப்போதும் இலைதான் பெருகும். அந்தச் செடிக்குப் பெரும்பாலும் நோய் எதுவும் இல்லை. அது குளிருக்காகக் காத்திருக்கிறது.

நாம் உண்பது எது?

முட்டைக்கோசு, புரோக்கோலி, பூக்கோசு ஆகிய மூன்றும் ஒரே தாவர இனம். முட்டைக்கோசில் இலையை உண்கிறோம். பூக்கோசில் நாம் உண்பது மலர்ந்த பூவை அன்று. பூவாக மாறத் தொடங்கிப் பாதியிலேயே நின்றுவிட்ட எண்ணற்ற வளர்நுனிகளை. ஒவ்வொரு நுனியும் பூவாக முயன்று, முடியாமல் தண்டாகிறது. அந்தத் தண்டில் தோன்றும் புதிய நுனிகளுக்கும் அதே கதிதான். இது எப்படி நிகழ்கிறது என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2021இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் விளக்கினர். ஒரு சிறு துண்டை உடைத்துப் பாருங்கள். முழுப் பூக்கோசின் உருவமே அதில் தெரியும்.

குளிர் இடும் கட்டளை

‘இலை போதும், இனிப் பூவைத் தொடங்கு’ என்ற கட்டளையைச் செடி குளிரிலிருந்து பெறுகிறது. இதைத் தட்பப்பதனம் என்பர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் அது தாழ்நிலத்தைவிட ஏறத்தாழ 9 பாகை குளிர்ச்சி. பூக்கோசு அங்கே விளைவதற்கு இதுவே காரணம்.

தாழ்நிலத்தில் வழியே இல்லையா? உண்டு. 1822இல் பிரிட்டனிலிருந்து இந்தியாவின் சஹாரன்பூருக்குப் பூக்கோசு விதை சென்றது. வெப்பத்திலும் பூத்த செடிகளின் விதையையே விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து விதைத்தனர். இப்படித்தான் வெப்பம் தாங்கும் ரகங்கள் உருவாயின. ஆகவே, விதை வாங்கும்போது பொட்டலத்தில் ‘வெப்பம் தாங்கும் ரகம்’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

வளர்க்கும் முறை

மண்: பி.எச். மதிப்பு 6 முதல் 7 வரை இருப்பது நல்லது. அமில மண்ணில் வேர்களுக்கு மாலிப்டினம் கிட்டாது. இலைகள் சாட்டைபோல் ஒடுங்கிவிடும். நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே விவசாயச் சுண்ணாம்பைக் கலந்து வையுங்கள்.

நாற்று: நான்கைந்து இலை விட்டதும் இடம் மாற்றுங்கள். சிறு கிண்ணத்தில் நெடுநாள் விட்டால் வளர்ச்சி தடைபட்டுப் பொத்தான் அளவில்தான் பூ வரும். ஒரு தொட்டிக்கு ஒரு செடி போதும்.

நீர்: மண் காயவே கூடாது. காய்ந்தால் செடி வாடும், பூவும் சிறுக்கும்.

புழு: நாற்று நட்ட அன்றே மெல்லிய வலையால் மூடுங்கள். இலையின் அடிப்பக்கத்தை அடிக்கடி புரட்டிப் பார்த்து, முட்டைகளையும் புழுக்களையும் அகற்றுங்கள்.

நிழல்: பூ கோழிமுட்டை அளவானதும், சுற்றியுள்ள இலைகளை அதன்மேல் மடித்துக் கட்டுங்கள். வெயில் பட்டால் வெண்மை மாறி மஞ்சளாகும். பூ இறுக்கமாக இருக்கும்போதே அறுத்துவிடுங்கள்.

நீங்களே சோதியுங்கள்

குளிர்நாட்டு ரகம் ஒன்றையும் வெப்பம் தாங்கும் ரகம் ஒன்றையும் ஒரே நாளில் விதையுங்கள். தற்சார்பு மாறி ரகம். சார்பு மாறி பூ தோன்றும் நாள். தொட்டி, மண், நீர், வெயில் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். தினமும் காலை வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். எந்தச் செடி முதலில் பூ வைக்கிறது, எது இன்னும் காத்திருக்கிறது என்பதை உங்கள் குறிப்பேடே காட்டிவிடும்.