பாய்மரப் படகுக்கு எந்த ஜாக்கெட்? நம்ம கடலுக்கு நம்ம கணக்கு

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரக் கேள்வி ஒரு நேயர்கிட்ட இருந்து வந்தது. சென்னையில பாய்மரப் படகு ஓட்டக் கத்துக்கிட்டு ரெண்டு சீசன் ஆச்சாம். இதுவரைக்கும் துறைமுகத்தை ஒட்டியே சின்னப் படகுல சுத்திட்டு வந்திருக்காங்க. இப்போ நண்பர்களோட கொஞ்சம் பெரிய படகுல, டிசம்பர்ல, புதுச்சேரி வரைக்கும் போய்த் திரும்பப் போறாங்க. "வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் 3,000 ரூபாய்க்கும் இருக்கு, 50,000 ரூபாய்க்கும் இருக்கு. ரெண்டும் தண்ணியைத்தானே நிறுத்துது, அப்புறம் என்ன வித்தியாசம்?"னு கேட்டிருக்காங்க. நல்ல கேள்வி. (ஜாக்கெட்னு சொன்னதும் டெய்லர்கிட்ட அளவு கொடுக்குறது ஞாபகம் வர்றவங்க மன்னிக்கணும், இது அது இல்ல.)

முதல்ல அந்தப் பயணத்தையே பார்ப்போம். ரோட்டுல புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர். பைக்ல மூணு மணி நேரம். பாய்மரப் படகு சராசரியா 5 நாட் வேகத்துல போகுதுன்னு வைங்க, அது மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம்தான். அப்போ பதினாறு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதாவது ஒரு முழு இரவு கடல்ல. இன்னொண்ணு, டிசம்பர்ல காத்து வடகிழக்குல இருந்து வரும். கடற்கரையில பெரியவங்க வாடை, கொண்டல்னு சொல்றாங்களே, அந்த ரெண்டுக்கும் நடுவுல. தெற்கே போகும்போது காத்து முதுகுப் பக்கம். கடல் நீரோட்டமும் அந்த மாசங்கள்ல பொதுவா தெற்கு நோக்கித்தான். டீ-ஷர்ட்லயே போயிடலாம் போல இருக்கும். திரும்பும்போதுதான் கதை மாறும். காத்தை எதிர்த்து ஏறணும், படகு ஒவ்வொரு அலையையும் குத்தி உடைக்கும், உடையுற தண்ணி நேரா மூஞ்சில வந்து அடிக்கும். நீங்க வாங்கப் போற ஜாக்கெட் அந்தத் திரும்புற பயணத்துக்குத்தான்.

"சென்னையில என்ன குளிர்?"னு கேப்பீங்க. டிசம்பர் ராத்திரியில 21, 22 டிகிரி இருக்கும். காய்ஞ்ச உடம்புக்கு அது சுகம். ஆனா நனைஞ்ச பருத்திச் சட்டையோட, மணிக்கு 28 கிலோமீட்டர் காத்துல (அது 15 நாட்தான், பெரிய காத்தே இல்ல), நாலு மணி நேரம் அசையாம சுக்கான் பிடிச்சு உக்காந்தா? தண்ணி ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போகும். மண்பானை எப்படித் தண்ணியைக் குளிர வைக்குதோ அதே வேலை, இப்போ பானை நீங்க. பல்லு கிடுகிடுன்னு ஆடும், விரல் மரத்துப் போகும், கயித்துல முடிச்சு போட வராது. அலுப்புல தப்பான முடிவு எடுக்குறதும் அப்போதான் நடக்கும். அதனால ஜாக்கெட்டோட முதல் வேலை காத்தைத் தடுக்குறது. தண்ணியைத் தடுக்குறது அதோட ஒட்டிப் பிறந்த வேலை.

இப்போ டேக்ல போட்டிருக்கிற அந்த நம்பர். 5,000, 10,000, 20,000 மில்லிமீட்டர்னு இருக்கும். துணி மேல தண்ணியை நிறுத்தி, எவ்வளவு உயரத் தண்ணியோட அழுத்தம் வரைக்கும் துணி கசியாம தாங்குதுன்னு பார்க்குற கணக்கு அது. 10,000 மில்லிமீட்டர்னா பத்து மீட்டர் உயரத் தண்ணி. கேட்டா மிகையாத் தெரியும், மழை என்ன பத்து மீட்டர் உயரத்துக்கா நிக்குதுன்னு. ஆனா விநாடிக்கு 10 மீட்டர் வேகத்துல ஒரு அலைத்தண்ணி நெஞ்சுல அடிச்சா, அந்த அடி ஏறக்குறைய 5 மீட்டர் தண்ணியோட அழுத்தத்துக்குச் சமம். படகுல ஒரு முட்டியை ஊன்றி வேலை செய்யறீங்க, அந்த முட்டி மேல 30 கிலோ, தொடுற பரப்பு 40 சதுர சென்டிமீட்டர்னு வைங்க, ஏழரை மீட்டர் வந்துடுச்சு. இதுலயே ஒரு விஷயம் தெரியுது பாருங்க: அதிக அழுத்தம் வாங்குறது முட்டியும் உக்கார்ற இடமும்தான். எல்லாரும் ஜாக்கெட்டுக்குக் காசைக் கொட்டிட்டு பேன்ட்டை விட்டுடுறாங்க. நனைஞ்ச பலகையில உக்காந்து ராத்திரியைக் கழிக்கிறது எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஜாக்கெட்டுக்கு 10,000 போதும், தேய்மானத்துக்கு இடம் விட்டு 20,000 இருந்தா நிம்மதி. அதுக்கு மேல போற நம்பருக்கு இந்தப் பயணத்துல வேலை இல்ல.

நம்பரை விட முக்கியமா நான் பார்க்கச் சொல்றது தையல். ஊசி குத்தின ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. உள்பக்கம் திருப்பிப் பாருங்க. எல்லாத் தையல் மேலயும் டேப் ஒட்டியிருக்கணும். தோள்லயும் ஹூட்லயும் மட்டும் ஒட்டிட்டு மத்ததை விட்டிருந்தா, துணி 20,000 தாங்கினாலும் தையல் வழியா வந்துடும்.

அடுத்தது 'மூச்சு விடுற' துணி. இதுலதான் கம்பெனி விளம்பரத்துக்கும் நம்ம ஊருக்கும் ஒத்துப் போகாது. 1969-ல அமெரிக்காவுல பாப் கோர்ங்கிறவர் டெஃப்லானைச் சட்டுனு இழுத்துப் பார்த்தார். அது கோடிக்கணக்கான நுண்துளை இருக்கிற மெல்லிய சவ்வா மாறுச்சு. அதுதான் கோர்-டெக்ஸ். தண்ணித் துளி நுழைய முடியாத துளை, ஆனா நீராவி வெளியே போயிடும். சரி, ஆவி ஏன் வெளியே போகணும்? யாரும் பம்ப் வெச்சுத் தள்ளுறதில்ல. உள்ளே ஆவியோட அழுத்தம் அதிகம், வெளியே குறைவு, அந்த வித்தியாசம்தான் தள்ளுது.

கணக்கு போடுவோம். வேர்த்திருக்கிற தோல் மேல ஆவி அழுத்தம் சுமார் 5.5 கிலோபாஸ்கல். இங்கிலாந்துல 10 டிகிரியில, 80 சதவீத ஈரப்பதத்துல, வெளியே 1 கிலோபாஸ்கல்தான். வித்தியாசம் நாலரை. சென்னையில பகல்ல 30 டிகிரி, அதே 80 சதவீதம். வெளியே 3.4. வித்தியாசம் ரெண்டுதான்! தள்ளுற சக்தி பாதிக்கும் கீழ. ஆனா நாம விடுற வேர்வையோ இன்னும் அதிகம். அதனால வட ஐரோப்பாவுல அற்புதமா வேலை செய்யுற 50,000 ரூபாய் ஜாக்கெட் நம்ம ஊர்ப் பகல்ல கழட்டிப் போடுற ஜாக்கெட் ஆயிடும். சவ்வு பொய்னு சொல்ல வரல, சவ்வு சொன்னபடிதான் செய்யுது, காத்துலயே இடம் இல்ல. டேக்ல இருக்கிற கிராம் கணக்கையும் கம்பெனிக்குக் கம்பெனி ஒப்பிடாதீங்க, சோதிக்கிற முறை வேற வேற.

அப்போ நமக்கு எது வேணும்? உள்ளே லைனிங் இல்லாத, மெல்லிசான, மூணு அடுக்கும் ஒண்ணா ஒட்டின துணி. கொஞ்சம் லூஸா. உள்பக்கம் பஞ்சு, ஃப்ளீஸ் வெச்ச கனமான 'ஆஃப்ஷோர்' ஜாக்கெட் வேண்டாம். குளிர்னா உள்ளே ஒரு மெல்லிய ஃபுல் ஹேண்ட் பாலியெஸ்டர் போட்டுக்கலாம், கழட்டிக்கலாம். லைனிங்கைக் கழட்ட முடியாது.

இப்போ வர்ற கேள்வி: "என்கிட்ட ட்ரெக்கிங் ஜாக்கெட் இருக்கே?" பகல் பயணத்துக்குத் தாராளமாப் போடுங்க. ராத்திரிப் பயணத்துக்குன்னா வடிவம் பார்க்கணும், ஏன்னா மலையில தண்ணி மேல இருந்து வருது, படகுல எல்லாத் திசையில இருந்தும் வருது. கயித்தை இழுக்கக் கையைத் தூக்குறீங்க, தண்ணி மணிக்கட்டு வழியா உள்ளே போய் முழங்கை வரைக்கும் ஓடும். அதுக்குத்தான் ரெட்டைக் கஃப்: உள்ளே ரப்பர் மாதிரி ஒட்டிப் பிடிக்கிற பட்டை, வெளியே வெல்க்ரோ. காலர் காது வரைக்கும் ஏறணும். ஜிப் பிளாஸ்டிக் பல்லா இருக்கணும், மெட்டல் ஜிப் உப்புல ரெண்டே மாசத்துல கடிச்சுக்கும். அது மேல மூடுற மடிப்பும் வேணும். ஹூட் போட்டுக்கிட்டு தலையை இடது வலது திருப்பிப் பாருங்க. ஹூட்டும் கூடவே திரும்பணும். தலை மட்டும் திரும்பி கண்ணு துணிக்குள்ள போச்சுன்னா, பக்கத்துல வர்ற மீன்பிடி விசைப்படகு உங்களுக்குத் தெரியாது. பைக் ரெயின்கோட் இதுல எங்கேயும் தேறாது. காத்தே போகாத பிளாஸ்டிக், அரை மணி நேரத்துல உள்ளே இருந்தே நனைச்சிடும்.

நிறத்துல மட்டும் நான் பிடிவாதக்காரன். கடை முழுக்க நேவி ப்ளூ தொங்கும், போட்டோவுக்கும் அழகா இருக்கும். அலை நடுவுல விழுந்தவங்களோட தலையும் தோளும்தான் வெளியே தெரியும், அது நீலமா இருந்தா கடலோட கடல். குறைஞ்சது ஹூட்டாவது பளிச் மஞ்சளோ ஆரஞ்சோ இருக்கட்டும். தோள்லயும் ஹூட்லயும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற டேப் இருக்கட்டும், ராத்திரியில டார்ச் அடிச்சாத் தேடுறவங்களுக்கு அது மட்டும்தான் கண்ணுல படும்.

இதை விட முக்கியமானது ஒண்ணு. தானா ஊதுற லைஃப் ஜாக்கெட் எப்பவும் மழை ஜாக்கெட்டுக்கு மேலதான். சிலர் நனையக் கூடாதுன்னு உள்ளே போட்டு ஜிப்பை இழுத்துடுறாங்க. தண்ணியில விழுந்ததும் அது விரியும், வெளி ஜாக்கெட் விரியாது. நெஞ்சும் கழுத்தும் நெரிபடும், உங்களை மல்லாத்தி மிதக்க வைக்கவும் அதால முடியாது. அதனால கடைக்குப் போகும்போது லைஃப் ஜாக்கெட்டையும் எடுத்துட்டுப் போங்க. மேல மாட்டி, பட்டையை இறுக்கி, உக்காந்து எழுந்து பாருங்க. பாக்கெட்டுல எதை வெச்சாலும் எடுக்க முடியுதா, ஹூட் தடையில்லாம ஏறுதான்னு பாருங்க. கனமான ஜாக்கெட் போட்டா தண்ணிக்குள்ள இழுத்துடும்னு ஒரு பயம் உண்டு. உள்ளே புகுந்த தண்ணிக்குத் தண்ணிக்குள்ள எடை கிடையாது. நீந்துறதுதான் கஷ்டம், படகு மேல ஏறும்போதுதான் அத்தனை கனமும் தெரியும்.

செலவு? துறைமுகத்துக்குள்ள சின்னப் படகுன்னா ஜாக்கெட்டே வேண்டாம், தலைவழியா மாட்டுற ஸ்ப்ரே டாப் ஒண்ணு போதும். புதுச்சேரிப் பயணத்துக்கு 'இன்ஷோர்' அல்லது 'கோஸ்டல்'னு போட்டிருக்கிற நடுத்தர வகை, அதோட ஒரு நல்ல வாட்டர்ப்ரூஃப் பேன்ட். 50,000 ரூபாய் பெருங்கடல் ஜாக்கெட்டுக்கு இங்க வேலை இல்ல. இங்கிலாந்துல படிக்கப் போய் அங்க படகு ஓட்டப் போறீங்கன்னா, அப்போ அங்கேயே வாங்குங்க.

பழசு வாங்குறதுன்னா உள்பக்கத்தைத் தடவிப் பாருங்க. பிசுபிசுன்னு ஒட்டினாலோ, செதில் செதிலா உரிஞ்சாலோ விட்டுடுங்க. பாலியூரித்தேன் பூச்சு சூட்டுலயும் ஈரத்துலயும் தானாவே சிதையும், நம்ம ஊர் பீரோவுல பாலித்தீன் கவர் போட்டு மடிச்சு வெச்சா இன்னும் சீக்கிரமா. புதுசுக்கும் இதே விதிதான். கடல்ல இருந்து வந்ததும் நல்ல தண்ணியில அலசுங்க. உப்பு படிஞ்ச துணி காயவே காயாது, ஏன்னா காத்துல ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாவே தண்ணியை இழுத்துக்கரையும், சென்னையில அது பெரும்பாலான ராத்திரி. துணி மென்மையாக்குற லிக்விட் வேண்டாம். இப்போ வர்ற ஃப்ளோரின் இல்லாத மேல்பூச்சு தண்ணியை உருட்டிவிடும், எண்ணெயை உருட்டாது. தலைக்கு எண்ணெய், முகத்துக்கு சன்ஸ்க்ரீன், ரெண்டும் காலர்லதான் வந்து ஏறும். முதல்ல நனைய ஆரம்பிக்கிறதும் அந்தக் காலர்தான், அதை மட்டும் தனியா சோப்பு போட்டுக் கழுவி, நிழல்ல ஹேங்கர்ல தொங்க விடுங்க.