ஊசி சரி, மாத்திரையை ஏன் நிறுத்த வேண்டும்?

வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்து வேலைகள் பெரும்பாலும் இடுப்பையும் முழங்காலையும் பதம் பார்ப்பவை. நாற்று நடுகிறவர்கள் பொழுதுக்கும் குனிந்தே நிற்கிறார்கள். தறியில் உட்காருகிறவர்களுக்குக் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்கின்றன. ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கும் பிள்ளைகள் மணிக்கணக்காக நின்றுவிட்டு வீங்கிய காலோடு வீடு திரும்புகிறார்கள். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுப் போட்டு வயிறு எரிய ஆரம்பிக்கும்போது, பக்கத்து வீட்டில் யாராவது சொல்வார்கள்: "அக்குபங்சர் பார்த்தீங்களா? மருந்தே கிடையாது. எல்லா நோயும் போயிடும்."

வலிக்கு அக்குபங்சர் பார்க்கலாம் என்பது நல்ல யோசனைதான். எல்லா நோயும் போய்விடும் என்பதை நம்பித்தான் பலர் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் அந்த ஊசியைப் பார்ப்போம். அதில் மருந்து ஏற்ற வழியே இல்லை. உள்ளே துளை இல்லாத மெல்லிய எஃகுக் கம்பி அது. பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் தடிமன். ஆஸ்பத்திரியில் இடுப்பில் போடும் ஊசி இதைப்போல மூன்று மடங்கு தடிமனாக இருக்கும். சிறு குழாய் ஒன்றைத் தோலில் வைத்து, அதற்குள் இருக்கும் ஊசியின் தலையை விரலால் தட்டினால் முனை உள்ளே இறங்கிவிடும். இறங்கும்போது எறும்பு கடித்தது போல இருக்கும், அல்லது தெரியவே தெரியாது. பிறகு மெல்லத் திருகும்போது அந்த இடம் கனத்து, மரத்து, உள்ளே யாரோ அழுத்துவது போல ஓர் உணர்வு வரும். 20 நிமிடம், அரை மணி நேரம் அப்படியே படுத்திருக்க வேண்டும். எழுந்ததும் லேசாகத் தலை சுற்றலாம் என்பதால் வெறும் வயிற்றில் போகாமல் இருப்பது நல்லது.

உடலில் 'சீ' என்ற உயிர் ஆற்றல் 14 பாதைகளில் ஓடுகிறது, அவற்றின் மீது 361 புள்ளிகள் உள்ளன, ஓட்டம் தடைபட்டால் நோய் வரும் என்பது சீன மருத்துவக் கொள்கை. உடலை அறுத்துப் பார்த்தவர்கள் அப்படிப்பட்ட பாதைகள் எதையும் கண்டதில்லை. தோலுக்கும் தசைக்கும் அடியில் இருக்கும் நரம்பை ஊசி தூண்டுகிறது, அதனால் மூளையும் தண்டுவடமும் எண்டார்ஃபின் போன்ற வலி குறைக்கும் பொருள்களைச் சுரக்கின்றன என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் இருக்கின்றன.

இதன் கூடவே வருபவை சில. மோக்ஸா என்பது காய்ந்த இலையைச் சுருட்டிக் கொளுத்தி, புள்ளிக்கு மேலே சூடு காட்டுவது. அந்த இலைச்செடி நம் பூக்காரர்கள் தொடுக்கும் மரிக்கொழுந்தின் இனம்தான். கப்பிங் என்பது கோப்பையைத் தோலில் உறிஞ்ச வைப்பது. அக்குபிரஷரில் ஊசி கிடையாது, விரல் அழுத்தம் மட்டும். தமிழ்நாட்டில் இன்னொரு வகையும் பரவியிருக்கிறது. நாடி பார்த்துவிட்டு ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்பிவிடுவார்கள். அப்படித் தொடுகிறவரை மக்கள் 'ஹீலர்' என்கிறார்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் அக்குபங்சர் பற்றி எழுதும்போது பௌத்தத் துறவி போதிதர்மரைத் தாண்டிப் போக முடியாது. "நம்ம காஞ்சியிலிருந்து அவர் கொண்டுபோனதுதானே" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். '7ஆம் அறிவு' படத்துக்குப் பிறகு இன்னும் அதிகம். ஆனால் அவர் சீனாவில் வாழ்ந்ததாகச் சொல்லப்படுவது கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளில். சீனாவின் மாவாங்துயி என்ற இடத்தில் கி.மு. 168-ல் மூடப்பட்ட கல்லறையிலேயே உடற்பாதைகளையும் சூடு வைப்பதையும் விவரிக்கும் பட்டுச்சுவடிகள் கிடைத்திருக்கின்றன. நமக்கு வர்மம் இருக்கிறது, அதற்கென்று தனி மரபு உண்டு. சீனர்களுடையதை நம்முடையது என்று சொல்லித்தான் அது பெருமை பெற வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு அக்குபங்சர் வந்த வழி வேறு. ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போரிட்ட சீனாவுக்கு 1938-ல் ஐந்து இந்திய டாக்டர்கள் கொண்ட குழு போனது. அவர்களில் ஒருவரான கோட்னிஸ் அங்கேயே இறந்தார். அதே குழுவில் இருந்த பி.கே. பாசு 1950களின் இறுதியில் மறுபடி சீனா சென்று அக்குபங்சர் கற்றுத் திரும்பி, கல்கத்தாவில் சிகிச்சை தரத் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996-லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டதில் வியப்பில்லை. இலங்கையில் கொழும்பு களுபோவில மருத்துவமனையில் டாக்டர் அன்டன் ஜயசூரிய பல நாட்டவருக்கும் கற்றுக்கொடுத்தார்.

சரி, வேலை செய்கிறதா? ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்த ஆய்வு 2007-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு முறையான அக்குபங்சர். இன்னொரு பிரிவுக்குப் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தும் போலி அக்குபங்சர். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்து நல்ல பலன் கண்டவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம். ஊசி குத்திக்கொண்டவர்களில் பாதிப்பேருக்கு அருகில் நிவாரணம் கிடைத்திருக்கிறது. ஆனால் எந்தப் புள்ளி என்பதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் வரவில்லை. "இந்தப் புள்ளி கிட்னிக்கு, இந்தப் புள்ளி சுகருக்கு" என்று யாராவது அடித்துச் சொல்லும்போது இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கவும் அக்குபங்சர் ஓரளவு உதவுகிறது. குமட்டலுக்குச் சான்று இன்னும் நன்றாக இருக்கிறது. உள்ளங்கையைத் திருப்பி வையுங்கள். மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கை பக்கமாக மூன்று விரல் அளவு மேலே வந்து, நடுவில் தட்டுப்படும் இரண்டு தசைநாண்களுக்கு இடையே கட்டைவிரலால் அழுத்துங்கள். 'நெய்குவான்' என்ற புள்ளி அது. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வாந்தியைக் குறைப்பதில் அந்தப் புள்ளியைத் தூண்டுவது வாந்தி மருந்துகளுக்கு ஏறக்குறைய சமமான பலன் தருவதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், காசநோய், வலிப்பு, புற்றுக்கட்டி ஆகியவற்றை அக்குபங்சர் குணமாக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. ஊசியால் கெடுதல் வருவது அபூர்வம். "மாத்திரை எல்லாம் விஷம், நிறுத்திடுங்க" என்ற பேச்சுதான் ஆளைக் கொல்கிறது. மாத்திரையை நிறுத்தியதும் காய்ச்சலோ வாந்தியோ மயக்கமோ வந்தால், "கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க" என்கிறார்கள். இன்சுலின் நிறுத்தப்பட்ட குழந்தைக்கு வரும் வாந்தி கழிவு அல்ல. ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது, ஒரு சில நாளில் உயிர் போகலாம். பி.பி. மாத்திரையைத் திடீரென்று விட்டவருக்குப் பக்கவாதம் வரலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் மாத்திரையை வாங்கி அலமாரியில் போட்டுவிட்டு, தொடு சிகிச்சையை மட்டும் நம்பி இருப்பவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

எனவே சிகிச்சைக்குப் போகுமுன் சிலவற்றைக் கேட்கத் தயங்காதீர்கள். என்ன படித்தீர்கள், பதிவு எண் உண்டா? மத்திய அரசு 2003-லேயே அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக அனுமதித்தது. ஆனால் தமிழ்நாட்டில் மேற்கு வங்கம்போல் தனிச் சட்டம் இல்லாததால், குறுகிய காலப் பயிற்சி முடித்தவரும் பலகை மாட்டிவிட முடிகிறது. ஊசி உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். குத்தி எடுத்த ஊசி வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும், இன்னொருவர் உடம்புக்குப் போகக் கூடாது; மஞ்சள் காமாலைக் கிருமி அப்படித்தான் பரவுகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சர்க்கரையால் கால் மரத்துப் போனவர்கள் மோக்ஸா சூட்டைத் தவிர்ப்பதே நல்லது; தோல் வெந்தாலும் தெரியாது. இடுப்புவலியோடு காய்ச்சல், கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்படாமல் போவது இருந்தால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காசு கொடுக்காமல் பார்க்கவும் வழி உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. அங்கிருப்பவர்கள் ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பில் அக்குபங்சரையும் ஒரு பாடமாகப் படித்தவர்கள். சென்னை அரும்பாக்கம் அரசுக் கல்லூரியில் அக்குபங்சருக்கென்றே மேற்படிப்பு இருக்கிறது. வாலாஜாபாத்காரர்களுக்கு இன்னும் பக்கம் செங்கல்பட்டு. அங்கே அரசின் யோகா, இயற்கை மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரக்கோணம் லைன் ரயிலிலேயே போய்விடலாம். அந்த ஜெர்மன் ஆய்வில் வாரம் இரண்டு வீதம் முதலில் பத்து முறை ஊசி போட்டார்கள். உங்களுக்கும் அதுவே கணக்காக இருக்கட்டும். பத்து முறைக்குள் வலியில் மாற்றம் தெரியவில்லை என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்க எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.