வவுச் – ஒரு சொல்லின் பொறுப்பு



'வவுச்சர்' என்ற சொல்லை நாம் அனைவரும் அறிவோம். செலவுக் கணக்கு எழுதுவோர் முதலில் தேடுவது அந்தத் துண்டுச் சீட்டைத்தானே! ஆனால் அதன் உடன்பிறப்பான 'வவுச்' என்ற வினைச்சொல் ஆங்கில வகுப்பில் வந்தபோது, நாங்கள் திருதிருவென விழித்தோம். "உத்தரவாதம் அளித்தல்" என்றோம். "பாதி சரி" என்று புன்னகைத்தார் சிஸ்டர். மீதியைத் தேடி நூலகம் சென்றோம்.

'அழைத்தல்' எனப் பொருள்படும் 'வொக்காரே' என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். துறவற அழைத்தலைக் குறிக்கும் 'வொக்கேஷன்', வழக்குரைஞரைக் குறிக்கும் 'அட்வகேட்' ஆகியனவும் அவ்வேரில் கிளைத்தவையே. இடைக்கால இங்கிலாந்தில், ஒருவர் வாங்கிய நிலத்திற்கு வேறொருவர் உரிமை கோரினால், வாங்கியவர் தமக்கு உறுதியளித்து விற்றவரை நீதிமன்றத்திற்கு அழைப்பார். அவ்வாறு அழைப்பதே அன்று 'வவுச்'. விற்றவர் வந்து வழக்காட வேண்டும். தோற்றால் ஈடாக வேறு நிலம் தரவேண்டும். நாளடைவில் இச்சொல், 'உண்மையென உறுதி கூறுதல்' என்ற பொருளைப் பெற்றது.

இச்சொல்லைப் பயன்படுத்தும் முறை எளிது. ஒருவருக்காகவோ ஒரு பொருளுக்காகவோ உறுதி கூறும்போது 'ஃபார்' சேர்க்க வேண்டும். 'ஐ கேன் வவுச் ஃபார் ஹர் ஆனஸ்டி' என்றால், 'அவளது நேர்மைக்கு நான் உறுதி' என்பது பொருள். ஒரு செய்தியை உறுதிப்படுத்தும்போது 'தட்' வரும்.

'கியாரண்டி' வேறு, இது வேறு. கடிகாரம் பழுதானால் சரிசெய்து தருவதாகக் கடைக்காரர் கூறுவது கியாரண்டி. 'நானே அறிவேன்' என்று கூறுவது வவுச். கணக்குத் தணிக்கையிலும் 'வவுச்சிங்' உண்டு. கணக்கில் எழுதிய தொகைக்கு உரிய சீட்டு இருக்கிறதா என ஒப்பிட்டுப் பார்ப்பதே அது. ஆக, நேரில் அறியாத எவரும் 'வவுச்' செய்ய இயலாது!

இங்கேதான் எங்கள் தலை தாழ்ந்தது. சென்ற ஆண்டு ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை ஒன்று உடைந்தது. "எங்கள் தோழி அப்போது நூலகத்தில் இருந்தாள்" என்று நாங்கள் சொன்னோம். பார்த்துச் சொல்லவில்லை, நட்புக்காகச் சொன்னோம். பழி வேறொருத்தியின்மேல் விழுந்தது. அவள் எங்களைப் பார்த்தாளே தவிர, ஒன்றும் பேசவில்லை. மூன்று நாள்களுக்குப் பின் தோழியே உண்மையை ஒப்புக்கொண்டாள். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். ஆனால் அந்த மூன்று நாள்களை அவளுக்கு எப்படித் திருப்பித் தருவது?

அன்று விற்றவர் நிலத்தை ஈடு தந்தார். எங்கள் பொய்யுறுதிக்கு ஈடு தந்தவளோ, குற்றமற்ற ஒரு மாணவி!

ஆகவே தோழியரே, அறிந்ததற்கு மட்டும் உறுதி கூறுவோம். அறியாததை 'அறியோம்' என்று சொல்லும் துணிவைப் பெறுவோமாக!