மூச்சைக் கவனிப்பதும் மாத்திரையை நிறுத்துவதும்

யாருக்கு, எதற்கு?

மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் தியான வகுப்புக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணமாச்சாரியார் பெயரில் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய யோக மந்திரம் அங்கேதான் இருக்கிறது. அதனால் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ சிகிச்சை என்றதும், “நம்ம தியானம்தானே” என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வேர் ஆசிய மரபுதான். ஆனால் 1979-ல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் வகுத்த எட்டு வாரப் பயிற்சியும், பிறகு மனச்சோர்வுக்கென்றே அதிலிருந்து உருவான சிகிச்சையும் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்டவை. யாருக்கு, எதற்குப் பலன் என்று அங்கே கேட்க முடிகிறது.

திரும்ப வரும் சோர்வு

மிக உறுதியான சான்று இருப்பது, மனச்சோர்வு பலமுறை வந்து போனவர்களிடம். இவர்களுக்குச் சின்ன வருத்தம்கூட, “மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு, நான் எதுக்கும் லாயக்கில்லை” என்ற பழைய சுழலுக்குள் இழுத்துவிடும். இச்சிகிச்சையின் முதல் வகுப்பில் ஒரு உலர்திராட்சையைக் கையில் கொடுப்பார்கள்: அதன் சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, மெதுவாகக் கடிக்க வேண்டும். அதே கவனத்தைப் பிறகு மூச்சின்மீதும், கடைசியில் எண்ணங்களின்மீதும் திருப்பும்போது, ‘லாயக்கில்லை’ என்பது தீர்ப்பல்ல, வந்துபோகும் ஓர் எண்ணம் என்று பிடிபடுகிறது. ஒன்பது ஆய்வுகளின் 1,258 பேரை ஒன்றாக வைத்துப் பார்த்த 2016-ம் ஆண்டுத் தொகுப்பில், இச்சிகிச்சை பெற்றவர்களுக்கு 60 வாரங்களுக்குள் நோய் திரும்பும் அபாயம் சுமார் 31 சதவீதம் குறைந்திருந்தது.

மாத்திரை வேண்டாமா?

அப்படியானால் மருந்தை விட்டுவிடலாமே என்பார்கள். கூடாது. பிரிட்டனில் 424 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் மாத்திரையைக் குறைத்துப் பயிற்சி பெற்றவர்களில் 44 சதவீதத்தினருக்கும் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. ஏறக்குறைய சமம். ஆனால் அங்கே மாத்திரையைக் குறைத்தது டாக்டரின் மேற்பார்வையில், படிப்படியாக. செல்போன் செயலியைக் கேட்டுக்கொண்டு தாமாகவே நிறுத்துவது வேறு; அது ஆபத்தானது. மனச்சிதைவு உள்ளவர்களும், பெரும் அதிர்ச்சியைச் சுமப்பவர்களும் பத்து நாள் மௌன முகாமுக்குப் பெயர் கொடுக்கும் முன் டாக்டரிடம் கேட்பது அவசியம்.

எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தால் என்ன என்பது இன்னொரு வாதம். பிரிட்டன் பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வு, வழக்கமான பாடத்தைவிட இதனால் கூடுதல் பலன் இல்லை என்று காட்டியது. தியானம் உடற்பயிற்சியைவிட மேல் என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. அன்றாட டென்ஷனுக்கு பெசன்ட் நகர் கடற்கரை நடையே பிடிக்கும் என்றால், தாராளமாக நடக்கலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் மட்டும் எந்தப் பயிற்சிக்கும் காத்திருக்க வேண்டாம். அரசின் இலவச டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.