முதலில் குழு, கடைசியில் பயனர்

லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு பயனர் எண், ஒரு குழு எண், கூடுதல் குழுக்களின் பட்டியல் என மூன்று அடையாளங்கள் உண்டு. கோப்பைத் திறக்க அது அனுமதி கேட்டால் லினக்ஸின் மையமான கெர்னல் இவற்றைத்தான் பார்க்கும். கூடுதல் பட்டியல் 1983இல் 4.2 பிஎஸ்டியோடு வந்தது. இன்றைய லினக்ஸில் அதில் 65,536 குழுக்கள்வரை இடம்பெறலாம்.

வெப் சர்வருக்கு 80ஆம் போர்ட்டைத் திறக்க வழக்கமாக ரூட் எனும் தலைமைப் பயனரின் அதிகாரம் வேண்டும். திறந்த பிறகு அந்த அதிகாரம் ஆபத்து. எனவே வெளியாட்களின் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் புராசஸ்கள் அதைத் துறந்துவிடுகின்றன. அதற்கு மூன்று கெர்னல் அழைப்புகள் உண்டு: செட்குரூப்ஸ் கூடுதல் குழுப் பட்டியலை மாற்றும், செட்ஜிஐடி குழு எண்ணை மாற்றும், செட்யுஐடி பயனர் எண்ணை மாற்றும். செட்யுஐடி கடைசியாகத்தான் வர வேண்டும். அதை முதலில் அழைத்தால் ரூட் அதிகாரம் அப்போதே போய்விடும். பிறகு குழுக்களை மாற்றக் கேட்டால் கெர்னல் மறுக்கும். மறுத்ததை நிரல் கவனிக்காவிட்டால், சாதாரணப் பயனர் என்ற பெயரில் ரூட்டின் குழுக்களோடு ஓடிக்கொண்டிருக்கும். சில லினக்ஸ் வகைகளில் ரூட் ‘டிஸ்க்’ குழுவிலும் இருக்கும். அந்தக் குழு ஒன்று போதும், எந்தக் கோப்பின் அனுமதியையும் பொருட்படுத்தாமல் வட்டை நேரடியாகவே படித்துவிடலாம். திரும்பி வரும் விடையைச் சோதிக்காத நிரலை நான் நம்ப மாட்டேன்.

சரி, குழுவை விட்டு விலகுவதற்கும் ஏன் ரூட் அதிகாரம்? விலகினால் உரிமை குறையத்தானே செய்யும்? அப்படி இல்லை. கெர்னல் முதலில் உரிமையாளரா என்று பார்க்கும், அடுத்து குழு, அதன்பின்தான் மற்றவர்கள். முதலில் பொருந்தும் வகையோடு தேடல் முடிந்துவிடும். 707 என்று, அதாவது உரிமையாளருக்கும் மற்றவர்களுக்கும் முழு உரிமை, குழுவுக்கு எதுவுமில்லை என்று, அனுமதி வைத்த கோப்பை ஊரே திறக்கலாம், அதன் குழுவினர் மட்டும் திறக்க முடியாது. குறிப்பிட்ட சிலரைத் தடுக்க நிர்வாகிகள் கையாளும் உத்தி இது. அந்தக் குழுவிலிருந்து நழுவ முடிந்தவர் ‘மற்றவர்’ ஆகி உள்ளே போய்விடுவார்.

2013இல் வந்த லினக்ஸ் 3.8 சாதாரணப் பயனர்களும் தமக்கென்று தனி யூசர் நேம்ஸ்பேஸ், அதாவது பயனர், குழு எண்களுக்கான தனி வெளி, உருவாக்க வழிவிட்டது. அதற்குள் அவர்கள் ரூட். செட்குரூப்ஸை அழைத்து வேண்டாத குழுவை உதறலாம். இந்த ஓட்டை 2014இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 3.19ஆம் பதிப்பிலிருந்து, சிறப்பு அதிகாரம் இல்லாதவர் தன் நேம்ஸ்பேஸின் குழு எண்ணை வெளியே உள்ள எண்ணோடு பொருத்துமுன் செட்குரூப்ஸை நிரந்தரமாக முடக்கியாக வேண்டும்.