பாலர் இலக்கணமும் கணிப்பொறியும்

இலக்கணம் என்றால் நம் பிள்ளைகளுக்குக் கசப்பு மருந்தாயிருக்கிறது. பரீட்சைக்கு முதல்நாள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் அதன் சுவடுகூட நாவில் இருப்பதில்லை. 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்' என்றால் என்ன என்று கேட்டால், புத்தகத்தில் அச்சிட்ட இரண்டு உதாரணங்களைத் தயங்காமல் ஒப்பிக்கும் சிறுவன், தானே ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் 'மாடுகள் வந்தது' என்று எழுதிவிடுகிறான். பெயர் தெரிகிறது, பிரயோகம் தெரியவில்லை. இது பிள்ளையின் குற்றமா? அன்று. இலக்கணத்தின் குற்றமா? அதுவும் அன்று. கற்பிக்கும் முறையின் குற்றம் என்பதே நமது துணிபு.

இப்பொழுது அந்த வகுப்பறைக்குள் ஒரு புதிய விருந்தாளி வந்திருக்கிறார். கணிப்பொறியும் கைப்பேசியும் பள்ளிக்கூடத்தின் வாயிலைக் கடந்து உள்ளே நுழைந்து பல ஆண்டுகளாகின்றன. 2018-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கைப்பேசி கொண்டு திறக்கத்தக்க சதுரக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. 'கற்கண்டு' என்று இலக்கணப் பகுதிக்கு இனிய பெயரும் சூட்டப்பட்டது. 'இணையச் செயல்பாடுகள்' என்றொரு பகுதியும் சேர்ந்தது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020-இல் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, திரையைத் தவிர வேறு உபாத்தியாயர் இல்லாத நிலையும் நம் பிள்ளைகளுக்கு நேர்ந்தது. ஆகவே, திரை வரலாமா கூடாதா என்று வாதிப்பது இனி வீண். வந்த திரையைக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்பதே கேள்வி.

புதிய கருவியைக் கண்டு தமிழ் அஞ்சியதாக வரலாறு இல்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சென்னைக்கு வந்து அச்சு யந்திரம் வாங்கிச் சென்று, 1849-இல் வண்ணார்பண்ணையில் நிறுவினார். அன்று அச்சு யந்திரம் நம்மவர்க்குப் புதுமையே. அந்தப் புதுமையைக்கொண்டு அவர் பாலபாடங்களை வெளியிட்டார். நன்னூற் சூத்திரங்களின் சாரத்தை எளிய வசனத்தில் 'இலக்கணச் சுருக்கம்' என எழுதிப் பிள்ளைகளின் கையிற் கொடுத்தார். ஏட்டுச் சுவடியில் இருந்ததை அப்படியே அச்சில் ஏற்றியதோடு அவர் நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கருவி மாறியபோது நூலின் நடையையும் மாற்றினார். அந்த விவேகமே இன்று நமக்கு வேண்டுவது. அச்சுப் புத்தகத்தில் உள்ள சூத்திரத்தையும் வினாவிடையையும் அப்படியே கண்ணாடித் திரையில் ஏற்றி, 'சரியான விடையைத் தொடுக' என்று சொல்லுவோமாயின், பழைய நெட்டுருவுக்குப் புதிய பளபளப்புக் கொடுத்தவர்களாவோமே யன்றி வேறு பயன் காணமாட்டோம்.

யந்திரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டால் கல்வி தானே வளரும் என்று எண்ணுவோர்க்குப் பெரு நாட்டின் அநுபவம் நல்ல பாடம். அந்நாட்டுச் சர்க்கார் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி வழங்கும் திட்டத்தை மிகுந்த ஆர்வத்தோடு நடத்திற்று. 319 பள்ளிகளில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2012-இல் வெளியாயிற்று. கணக்கிலோ மொழியிலோ பிள்ளைகளின் தேர்ச்சி கூடியதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை.

இதற்கு எதிராக நம் தேசத்திலேயே ஒரு சான்று உண்டு. 2015-இல் டில்லியில் 619 மாணாக்கரை வைத்து நடந்த சோதனையைக் கார்த்திக் முரளிதரனும் அவருடைய கூட்டாளிகளும் 2019-இல் பிரசுரித்தார்கள். பள்ளிநேரம் முடிந்தபின் நாளொன்றுக்கு 90 நிமிஷம். அதில் பாதி நேரம் கணிப்பொறியில் தானே பயிற்சி, மறுபாதி சிறு குழுவாக ஒரு துணையாசிரியரிடம் பாடம். நாலரை மாதத்தில் அப்பிள்ளைகள் கணக்கிலும் ஹிந்தியிலும், இப்பயிற்சி கிடைக்காத பிள்ளைகளைக் காட்டிலும் தெளிவாக முன்னேறினார்கள். அங்கே யந்திரம் செய்த வேலை என்ன? ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை உண்மையில் மூன்றாம் வகுப்பு நிலையில் இருந்தால், அந்நிலையிலிருந்தே அதற்குப் பயிற்சி கொடுத்தது. ஐம்பது பிள்ளைகளை ஒருங்கே மேய்க்கும் உபாத்தியாயரால் செய்ய முடியாத காரியம் இது. ஆனால் மறுபாதி நேரத்தில் மனிதர் ஒருவர் உடனிருந்தார் என்பதையும் மறத்தலாகாது. யந்திரமும் மனிதரும் சேர்ந்து பெற்ற பயன் அது.

நிற்க. இனித் தமிழ் இலக்கணத்துக்கு வருவோம். ஆங்கிலத்துக்கென்று வகுத்த விளையாட்டுகளின் சொற்களை மாற்றித் தமிழ்ப் பிள்ளைக்குக் கொடுப்பதில் நமக்குச் சம்மதமில்லை. நம் மொழியின் அமைப்பு வேறு. ஒரு பகுதியோடு உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஒட்டிப் பொருளை விளைப்பது அதன் இயல்பு. அந்த இயல்பையே விளையாட்டாக்கலாம். சில வழிகளைச் சொல்லுவோம்.

முதலாவது, எழுத்து. 1999-இல் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் வலக்கைப் பக்கம். 'க' என்பதைத் தட்டிப் பின் 'இ' என்பதைத் தட்டினால் 'கி' பிறக்கிறது. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாவதைப் பிள்ளை தன் இரண்டு கைகளாலும் செய்துபார்க்கிறது. இன்னும் ஒரு விசேஷம்: 'ந' தட்டி உடனே 'த' தட்டினால் யந்திரம் தானே புள்ளி வைத்து 'ந்த' என்று காட்டும். அப்படியே ங்க, ஞ்ச, ண்ட, ம்ப, ன்ற. ஏன் இந்த ஆறு இணைகளுக்கு இந்தச் சலுகை என்று உபாத்தியாயர் ஒரு கேள்வி கேட்டால் போதும். மெல்லினத்துக்கு வல்லினம் இனவெழுத்தாய் வரும் என்ற விதியைப் பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்லும். தானே கண்டுபிடித்ததை எந்தப் பிள்ளையும் எளிதில் மறப்பதில்லை.

இரண்டாவது, சொல். 'செய்' என்ற பகுதியை ஒரு ரயில் யந்திரமாக வைத்து, அதன் பின்னே இடைநிலையை ஒரு வண்டியாகவும் விகுதியை ஒரு வண்டியாகவும் திரையிற் கோக்கச் செய்யலாம். த், கிறு, வ் என்ற மூன்று இடைநிலைகள். ஏன், ஓம், ஆய், ஈர், ஆன், ஆள், ஆர் என்ற ஏழு விகுதிகள். ஒரே பகுதியிலிருந்து இருபத்தொரு வினைமுற்றுகள் பிறந்து வரிசையாய் நிற்கும். பிறகு 'நட' என்ற பகுதியைக் கொடுக்கவேண்டும். 'நட'வும் 'த்'தும் 'ஆன்' விகுதியும் சேர்ந்தால் 'நடதான்' என்று வரும். பிள்ளை சிரிக்கும்; இது தமிழில்லை என்று அதன் காதே சொல்லும். 'நடந்தான்' என்பதில் இடையே நுழைந்த எழுத்து எது, எங்கிருந்து வந்தது என்று தேடும். அப்பொழுது 'சந்தி' என்றும் 'விகாரம்' என்றும் பெயர் சொல்லிக் கொடுத்தால், அப்பெயர்கள் பாரமாயிரா. தேடிய பொருளின் விலாசமாயிருக்கும். பழக்கம் முன்னே, பெயர் பின்னே என்பதே பாலர் இலக்கணத்துக்கு நாம் வற்புறுத்தும் முறை.

மூன்றாவது, புணர்ச்சி. வல்லெழுத்து மிகும் இடமும் மிகா இடமும் பட்டியலாகப் படித்தால் யாருக்கும் சலிப்பே. 'வேலை கொடு' என்று திரையில் எழுதியவுடன் உழைக்கும் மனிதனின் படம் தோன்றட்டும். நடுவே ஒரு 'க்' சேர்த்து 'வேலைக் கொடு' என்றாக்கியதும் கூரிய வேல் தோன்றட்டும். 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தாலான பலகை. ஓர் ஒற்று உலகத்தையே மாற்றிவிடுகிறது என்று கண்ணால் கண்ட பிள்ளை, ஒற்றை அலட்சியம் செய்யாது. அச்சுப் புத்தகத்தால் இந்த மாற்றத்தை நிகழ்த்திக் காட்ட முடியாது, திரையால் முடியும். திரைக்கு உரிய வேலை இதுவே.

நான்காவது, தேடல். பெரிய நூல் ஒன்றைக் கணிப்பொறியில் வைத்துக்கொண்டு 'க்' என்ற எழுத்துக்குப் பின் எது வருகிறது என்று தேடச் சொல்லலாம். எங்கும் 'க'கர வருக்கமே வரும். ச், த், ப் என்பவற்றுக்கும் அதுவே நியதி. 'ட்' என்பதோ தன்னோடு மட்டுமன்றிப் பிறரோடும் உறவாடும்: வெட்கம், காட்சி, நட்பு. ர், ழ் இரண்டும் தம்மோடு தாம் ஒருபோதும் கூடா. புதிய நூல்களில் தேடினால் சக்தி, பக்தி, சப்தம் போன்ற சொற்கள் விதியை மீறி அகப்படும். இவை வேற்று மொழியினின்று வந்து குடியேறியவை என்று பிள்ளையே ஊகித்தறியும். மெய்ம்மயக்கம் என்ற அதிகாரத்தைப் பத்து வயதுப் பிள்ளை ஆராய்ச்சியாளனைப் போல் கற்பதற்கு இதைவிட வேறு வழியுண்டோ?

இனி, ஓர் அபாயத்தையும் எச்சரிக்க வேண்டியது நமது கடமை. இன்றைய கைப்பேசிகள் நாம் இரண்டு எழுத்து எழுதுமுன் மூன்று சொற்களை நீட்டுகின்றன. பிழை செய்தால் நம்மைக் கேளாமலே திருத்திவிடுகின்றன. அலுவலகத்தில் உழைக்கும் பெரியவர்க்கு இது வசதி. கற்கும் பிள்ளைக்கு இது கேடு. நடக்கப் பழகும் குழந்தையை எந்நேரமும் இடுப்பில் தூக்கிவைத்திருந்தால் கால் வலுப்பது எப்படி? பள்ளிப் பிள்ளைக்கென்று அமையும் பிழைதிருத்தி, 'இங்கே ஏதோ குறைகிறது, நீயே பார்' என்று சுட்டிக்காட்டி நிற்கவேண்டும். இரண்டு முறை முயன்றும் தெரியாவிடில் மட்டுமே விடை சொல்லவேண்டும். அல்லாவிடில், பிள்ளையின் தமிழ் அந்நியர் செய்த யந்திரத்தின் தயவில் நிற்கும் தமிழாய்விடும்.

'ஏழைப் பிள்ளைக்குக் கைப்பேசி ஏது?' என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. வீட்டில் உள்ள ஒரே கைப்பேசி தகப்பனார் வேலைக்குப் போகையில் அவரோடு போய்விடுகிறது. ஆதலின் இத்தகைய பயிற்சிகளை வீட்டுப்பாடமாக ஒருபோதும் விதிக்கலாகாது. பள்ளியிலேயே, பள்ளிநேரத்திலேயே நடத்தவேண்டும். யந்திரம் குறைவென்றால் நால்வர்க்கு ஒன்று போதும். நால்வர் கூடி 'நடதான்' சரியா தவறா என்று வாதிடுவதே பெரும் இலக்கணப் பயிற்சியன்றோ? 'கையெழுத்துக் கெட்டுவிடுமே' என்று வேறு சிலர் வருந்துவர். திரையில் இருபது நிமிஷம், பிறகு அதே சொற்களைக்கொண்டு நோட்டுப் புத்தகத்தில் சொந்தமாய் ஐந்து வாக்கியம் என்று நியமம் வைத்தால் அக்கவலைக்கு இடமில்லை. எழுதாத இலக்கணம் உழாத நிலத்துக்கு ஒப்பு.

சர்க்காருக்கு நமது கோரிக்கை இவை: இலக்கணப் பயிற்சிகளைத் தமிழ் அறிந்த உபாத்தியாயர்களும் யந்திரம் அறிந்த இளைஞர்களும் ஒருங்கிருந்து தமிழிலேயே சிந்தித்து ஆக்கவேண்டும். இணையத் தொடர்பு இல்லாத மலைக்கிராமத்திலும் அவை இயங்கவேண்டும். பிள்ளைகளின் கண்முன் வியாபார விளம்பரம் எதுவும் எட்டிப்பார்க்கலாகாது. பரீட்சை வினாத்தாளும் மாறவேண்டும். இலக்கணப் பெயரைக் கேட்கும் வினாக்கள் குறைந்து, எழுதிக்காட்டச் சொல்லும் வினாக்கள் பெருகினாலன்றி எந்தச் சீர்திருத்தமும் வகுப்பறைக்குள் வேரூன்றாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உபாத்தியாயர்க்குப் பயிற்சியும் அவகாசமும் அளிக்கவேண்டும்.

பொதுப்பணியில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கும் ஒரு சொல். மேடைகளில் தமிழின் தொன்மையைப் பேசுகிறோம், கைதட்டலும் பெறுகிறோம். நம் தெருவிலுள்ள ஆரம்பப் பள்ளியில் எத்தனை கணிப்பொறி இயங்குகிறது, எத்தனை தூசி படிந்து கிடக்கிறது என்று எப்பொழுதேனும் போய்ப் பார்த்தோமா? வாரம் ஒருமுறை, ஊர் வாசகசாலையில் மாலை வேளையில், பத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லோடு விளையாட விடுவது எவராலும் முடியாத காரியமன்று. மொழிப்பற்று நாவில் தொடங்கலாம். ஒரு சிறுவன் 'மாடுகள் வந்தன' என்று பிறர் திருத்தாமல் தானே எழுதும் நாளில்தான் அது பலித்ததாகும்.