அன்று நாம், இன்று அவர்கள்: கேமரன் மலைத் தோட்டங்கள் மீண்டும் ஊராகுமா?

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் பிடிக்காமல் திரும்புவதில்லை. படத்தின் ஓரத்தில் கொழுந்து வெட்டிக்கொண்டிருப்பவரைத்தான் யாரும் கவனிப்பதில்லை. முன்பு அவர் தமிழர். இன்று பெரும்பாலும் வங்காளதேசி, நேப்பாளி அல்லது இந்தோனேசியர்.

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அங்கு உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் குடும்பத்தோடு லயன் வீடுகளில் குடியேறினார்கள். கோயில் எழுந்தது, தமிழ்ப்பள்ளி வந்தது. வேலைக்காடு ஊரானது அப்படித்தான். பிள்ளைகள் படித்துப் பட்டணம் போனதும் லயன்கள் காலியாயின. அந்த இடத்துக்குத்தான் புதியவர்கள் வந்தார்கள்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தற்காலிக வேலை பெர்மிட்டில் வருபவர் மனைவி மக்களை அழைத்து வர முடியாது. இங்கே திருமணம் செய்யவும் அனுமதி இல்லை. எத்தனை பேர் வந்தாலும் தோட்டத்துப் பள்ளியில் ஒரு பிள்ளைகூடக் கூடப் போவதில்லை. ஆள் இருக்கிறது, ஊர் இல்லை.

பெர்மிட்டின் வலி நமக்குத் தெரியாததா? சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம்மவர்களுக்கு 1969-இல் வேலை பெர்மிட் கட்டாயமானது. தோட்டங்களிலிருந்து சுமார் 60,000 பேர் தமிழகத்துக்குக் கப்பலேறினார்கள். பாதி ஆயுளை இங்கே கழித்தவர்கள் அவர்கள். நம் தாத்தாக்களைக் ‘கெலிங்’ என்றபோது நமக்குச் சுட்டது. இன்று நாமே ‘பங்ளா’ என்று ஒரே சொல்லில் ஒரு மனிதரை முடித்துவிடுகிறோம்.

ஆள் குறைந்த ஊர்கள் ஜப்பானிலும் ஏராளம். ஹொக்காய்டோ தீவிலுள்ள ஹிகாஷிகாவா என்ற சிற்றூர், 2015-இல் ஒரு பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் வெளிநாட்டவருக்கு ஜப்பானிய மொழிப்பள்ளி திறந்தது. நகராட்சியே நடத்திய முதல் மொழிப்பள்ளி அது. வந்தவர்கள் மாணவர்கள், தோட்டத் தொழிலாளர்கள் அல்லர் என்பது உண்மைதான். என்றாலும் வந்தவரை ஊர்க்காரராக்கும் வேலையை ஊரே ஏற்றுக்கொண்டதே, அதுதான் நாம் பார்க்க வேண்டியது. ஒரு காலத்தில் சுமார் 7,000-க்குச் சரிந்த அவ்வூர் மக்கள்தொகை பின்னர் 8,000-ஐத் தாண்டியது.

இங்கே குடியிருப்புக்குச் சட்டம் இருக்கிறது. தொழிலாளர் தங்குமிடத் தர விதிகள் 2020 ஜூன் முதல் எல்லாத் துறைகளுக்கும் விரிவாக்கப்பட்டன. கூரை சரி, அக்கம்பக்கத்துக்கு என்ன செய்வது? குடும்பத்தை அழைத்துவர அனுமதிப்பது அரசின் கையில். மற்றதில் பாதி தோட்டத்து மக்களிடமே உண்டு. கோயில் திருவிழா அன்னதானப் பந்தியில் அவர்களுக்கும் இலை போடலாம். பள்ளிக்கூட அறைகள் மாலையில் சும்மாதான் கிடக்கின்றன. மலாய்மொழி வகுப்பு நடத்த அதில் ஓர் அறையும், வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஓர் ஆசிரியரும் போதும்.